மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களும் மாயூரத்துக் காவிரிக்கரையும்

காவிரி பாயும் நாட்டில் ஓய்வுக்கென்றே அமைந்த பருவம் ஒன்று உண்டு. தை மாதத்திற் சம்பா அறுவடை நிறைவேறி, நெல் களத்தினின்றும் பத்தாயத்திற்கு வந்து சேர்ந்து, அதன் பின் வயலில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு புகுந்துவிட்டால், சித்திரை வைகாசி மாதங்களில் உழவருக்கும் நிலமுடையாருக்கும் வேலை குறைந்துவிடும். ஆற்றில் நீரோட்டம் இராது. கரைமுதற் கரைவரை வெண்மணல் பரந்து கிடக்கும். அம்மணலிலே ஊற்றுத் தோண்டி, பெண்மக்கள் குடத்தில் நீர் முகந்து செல்வர். பகலெல்லாம் வெயில் காய்ந்தாலும், மாலையிற் கீழ்காற்று எழுந்தவுடன் ஆற்று மணல் குளிர்ந்து, அமர்ந்து பேசுதற்கு அரண்மனை முற்றத்தினும் இனியதாகிவிடும். கல்யாணங்கள் நடைபெறுவதும், உறவினரும் நண்பரும் ஒருவர் ஊருக்கு ஒருவர் சென்று தங்குவதும், பெரும்பாலும் இக்காலத்திலேதான். பிறகு குடகு மலையில் மழை இறங்கி, செந்நிறப் புதுவெள்ளம் நுரை சுமந்து வாய்க்கால்தோறும் புகுந்தவுடன் ஏர் பூட்டப்படும், ஓய்வும் முடிந்துவிடும். 1934ஆம் ஆண்டில் மேட்டூரில் அணை கட்டி முடிவதற்கு முன்னர், இவ்வெள்ளம் வரும் நாளைக் குறிப்பவர் எவரும் இலர். காவிரியே தன் நாளைத் தானே குறித்துக்கொண்டு வந்தது.

இத்தகைய நாட்டிலே வாழ்ந்து, பிறருக்கெல்லாம் தமிழ் விருந்து இட்டு, தமக்கென ஓய்வென்பதைச் சிறிதே கண்ட பெரியார் ஒருவரைப் பற்றி இங்கே எழுதப் புகுகின்றோம். திரிசிரபுரம் மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் பெயரை நம் சங்கத்தைச் சேர்ந்த இல்லங்களில் அறியாதார் இலர். வேளாளர் மரபிற் பிறந்த பெருமக்களை எண்ணும்பொழுதெல்லாம் அவர்கள் பெயரை முன்வைத்துப் பெருமை பாராட்டுகின்றோம். ஆயினும், அப்பெரியார் எவ்வாறு வாழ்ந்தார், யார் நட்பிலே இளைப்பாறினார், எதனால் வருந்தினார் என்பவற்றை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. பெருமை பாராட்டுதல் எளிது. அப்பெருமைக்குரிய கடமையை உணர்தல் அரிது. அது கருதியே இக்கட்டுரை.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் நாள், திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த அதவத்தூரிலே பிறந்தார்கள். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. தந்தையார் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து, ஊரார் அளிக்கும் நெல்லையும் சிறு பொருளையும் கொண்டு குடும்பம் நடத்தியவர். ஆகவே, பிள்ளையவர்களுக்குச் செல்வம் பிறப்பிலேயே இல்லை; தமிழ் பிறப்பிலேயே இருந்தது. அதவத்தூரிலும் சோமரசம்பேட்டையிலுமாக இளமை கழிந்தது. ஏறத்தாழப் பதினைந்து பிராயத்தில் தந்தையாரை இழந்தார்கள். அதற்குமேல் அவர்களுக்குப் பொருள் வைத்துக் கல்வி கற்பிப்பார் ஒருவரும் இலர். ஆயினும், எங்கே எவரிடம் எந்த நூல் உண்டென்று கேள்விப்பட்டாலும், அங்கே சென்று அவரை வழிபட்டு அந்நூலைக் கற்றுக்கொள்ளும் உறுதி அவர்கள் உள்ளத்தில் வேரூன்றியது.

திருச்சிராப்பள்ளியில் இரந்துண்டு திரிந்த பரதேசி ஒருவர் தண்டியலங்காரத்தில் வல்லவர் என்பதை அறிந்து, அவருக்கு வேண்டியவற்றை வாங்கிக்கொடுத்தும், அவர் தெருத்தெருவாகச் செல்லும்பொழுது பின்தொடர்ந்து சென்றும், அவர் மனம் இசைந்த வேளையிற் சொல்லியவற்றை மனத்திற் கொண்டும் அவ்வலங்கார நூலை அவர்கள் கற்ற வரலாறு பலரும் அறிந்தது. கந்தை உடுத்தவரிடம் கற்றோமே என்ற கூச்சம் அவர்களுக்கு எக்காலத்தும் இருந்ததில்லை. பின்னர்ச் சென்னைக்குச் சென்று காஞ்சீபுரம் சபாபதி முதலியார் முதலிய புலவர்களிடமும் பாடம் கேட்டார்கள். இவ்வாறு துளித்துளியாகச் சேர்த்த கல்வியே பிற்காலத்திற் பெருவெள்ளமாகி நாடெங்கும் பாய்ந்தது.

திருவாவடுதுறை ஆதீனத்தின் தொடர்பு அவர்களது வாழ்வில் பெரியதொரு திருப்பமாகும். காவிரியின் தென்பாலில், மாயூரத்திற்கும் கும்பகோணத்திற்கும் இடையே உள்ள அவ்வூர் மடம், சைவத்திற்கும் தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் ஒருங்கே உறைவிடமாய் இருந்தது. அங்கே அம்பலவாண தேசிகர் காலத்தில் பிள்ளையவர்களுக்கு மகாவித்துவான் என்னும் பட்டம் அளிக்கப்பெற்றது. அவருக்குப்பின் 1869ஆம் ஆண்டில் ஆதீனத் தலைமையை ஏற்ற சுப்பிரமணிய தேசிகர், பிள்ளையவர்களிடம் காட்டிய அன்பும் மதிப்பும் பெரிது. அவர் தாமே பெரும்புலமை உடையவராதலின், புலவருடைய அருமையை உள்ளபடி உணர்ந்தவர்.

1860ஆம் ஆண்டையொட்டிப் பிள்ளையவர்கள் திருச்சிராப்பள்ளியை விட்டு மாயூரத்திற் குடியேறினார்கள். இவ்வூர் அக்காலத்தில் மாயூரம் என்றும் மாயவரம் என்றும் வழங்கிற்று; 1982ஆம் ஆண்டில் மயிலாடுதுறை என்னும் பழம்பெயரை மீண்டும் பெற்றது. ஐப்பசி மாதத்துத் துலா ஸ்நானத்திற்காக மக்கள் திரள் திரளாக வந்து மூழ்கும் காவிரித்துறை இங்கே உள்ளது. ஆதீனம் அணித்தே இருந்தமை ஒன்று. அன்புடைய நண்பர் ஒருவர் அவ்வூரில் உத்தியோகம் வகித்தமை மற்றொன்று. இவ்விரண்டும் பிள்ளையவர்களுக்கு மாயூரத்தை உகந்த இடமாக்கின.

அந்நண்பர் மாயூரம் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை. அவர் 1826ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரிற் பிறந்தவர்; கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய வேளாளக் குடும்பத்தினர். ஆங்கிலமும் தமிழும் நன்கு பயின்று, நீதிமன்றத்தில் ஆவணங்காப்பவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலைபார்த்து, பின்பு முன்சீபாகித் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி செலுத்தியவர். 1859ஆம் ஆண்டில் அவர் நீதிநூலை வெளியிட்டபொழுது, பிள்ளையவர்கள் அதற்குச் சிறப்புப்பாயிரம் அளித்தார்கள். வேதநாயகம் பிள்ளை சீகாழியில் இருந்த காலத்தில் பிள்ளையவர்கள் அங்கே சென்று அவருடன் தங்கினார்கள். அத்தங்கலின் பயனாகத் தோன்றியதே சீகாழிக் கோவை. நண்பர் வீட்டுக்கு விருந்தாகச் சென்றவர் வெறுங்கையோடு திரும்பாமல், அவ்வூருக்கே அழியாத நூல் ஒன்றை அளித்துவிட்டுத் திரும்பினார்.

அதனோடும் அமையாமல், வேதநாயகம் பிள்ளையையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக்கோவை என்னும் நூலையும் பிள்ளையவர்கள் பாடினார்கள். நெற்றி நிறைய நீறணிந்த சைவப் பெரியார், கிறிஸ்தவராகிய நண்பர்மீது கோவை பாடினார். அக்கிறிஸ்தவ நண்பரோ சைவ ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகர்மீது செய்யுட்கள் பல பாடினார். இருவரும் தத்தம் சமயத்தில் உறைப்புடையவர்களே. ஒருவர் சிவபெருமான் தலங்களுக்குப் புராணம் பாடுவதையே தொழிலாகக் கொண்டவர். மற்றவர் தேவமாதாவைப் பற்றி அந்தாதி பாடியவர். எனினும் காவிரி மணலில் அமர்ந்து தமிழைப் பேசும்பொழுது, அவ்வேறுபாடு அவர்களைப் பிரித்ததாகத் தெரியவில்லை. கொள்கையில் தளர்ந்தவர்கள் நட்புச் செய்வது வியப்பன்று. கொள்கையில் உறுதியுடையார் இருவர் ஒருவரையொருவர் உவந்து போற்றியதே வியப்பு.

மாயூரத்தில் அக்காலத்தில் இருந்த மற்றொரு பெரியார் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் நந்தன் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாக இயற்றி, பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் பெற விரும்பினார். பிள்ளையவர்களோ இலக்கணத்தில் மிக்க கண்டிப்புடையவர்கள். கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் மலிந்திருத்தலைக் கண்டு, பாயிரம் அளிக்க மனம் வராமலும், மறுத்துச் சொல்ல நா எழாமலும், நாளைக் கடத்தி வந்தார்கள். பாரதியாரோ சலியாமல் வந்துகொண்டே இருந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகலுணவிற்குப்பின் உள்ளே படுத்து இளைப்பாறுகையில், வெளித் திண்ணையில் அமர்ந்திருந்த பாரதியார் தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குத்தாமே பாடலாயினார். உள்ளே படுத்திருந்தவர்களின் செவியில் அது விழுந்தது. நந்தனாருடைய அன்பு அவ்விசையில் உருகி வழிந்தமையால், பிள்ளையவர்கள் கண்ணில் நீர் பெருகிற்று. பிழையை நாடிய புலமை ஒதுங்கிற்று; அன்பை நாடிய உள்ளம் எழுந்து வெளியே வந்தது. பாயிரமும் அப்பொழுதே கிடைத்தது. பகல் ஓய்வு ஒன்று தமிழுக்குச் செய்த உதவி இது.

இப்பொழுது 1871ஆம் ஆண்டுக் கோடைக்கு வருவோம். அவ்வாண்டிலேதான் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர், தம் மைந்தர் சாமிநாதனை அழைத்துக்கொண்டு மாயூரம் வந்து, பிள்ளையவர்களிடம் மாணாக்கராக ஒப்புவித்தார். அம்மாணாக்கருக்கு அப்பொழுது பிராயம் 16. பிற்காலத்தில் மகாமகோபாத்தியாய டாக்டர் சாமிநாதையர் என்று உலகம் போற்றிய பெரியார் அவரே. வேங்கடராமன் என்று வழங்கிய பெயரை மாற்றிச் சாமிநாதன் என்று நிலைபெறச் செய்தவர்களும் பிள்ளையவர்களே.

அக்காலத்திற் பிள்ளையவர்கள் மாயூரத்தில் ஒரு வீடு வாங்கி, அதன் பின்புறத்தே தோட்டம் அமைப்பதிற் பெருவிருப்பம் கொண்டிருந்தார்கள். வெயிலின் கொடுமை தெரியாமல், மர நிழலில் அமர்ந்து பாடம் சொல்லவும் செய்யுள் இயற்றவும் வேண்டும் என்பதே அவர்கள் நாட்டம். விதை ஊன்றி மரம் வளர்ந்து நிழல் தரும் வரையிற் காத்திருக்க மனம் பொறுக்கவில்லை. வளர்ந்த மரங்களையே வேரோடும் மண்ணோடும் பெயர்த்துக் கொணர்வித்து அங்கே நடச்செய்தார்கள். நாள்தோறும் விடியற்காலையில் எழுந்தவுடன், எந்த மரத்தில் எந்தக் கொம்பிற் புதுத்தளிர் விட்டிருக்கின்றது என்று தேடித் தேடிப் பார்ப்பது அவர்களுக்கு வழக்கமாயிற்று. புதிதாக வந்த மாணாக்கர் இதனைக் கவனித்துக்கொண்டார். ஆசிரியர் எழுவதற்கு முன்னரே தாம் எழுந்து, இருள் பிரியுமுன் தோட்டத்துட் சென்று, தளிர் விட்ட இடங்களையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்தவுடன் ஒவ்வொன்றாகக் காட்டி மகிழ்விப்பார். இந்தத் தளிர்களே அவ்விருவர்க்கும் நெருக்கத்தை உண்டாக்கின. பல மாணாக்கருள் ஒருவராக வந்தவர், ஆசிரியரது அன்புக்கு உரிய தனி மாணாக்கரானார்.

சாமிநாதையர் இசையிலும் விருப்பமுடையவராதலின், தந்தையார் விருப்பப்படி கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலவும் தொடங்கினார். இசைப் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் ஊக்கம் குறையும் என்று பிள்ளையவர்கள் கருதுவது தெரிந்தவுடன் அதனை நிறுத்திக்கொண்டார். இதனை நாம் குறைகூறுதற்கு எடுத்துக்காட்டவில்லை. பாரதியாரின் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் சொரிந்தவர்களே பிள்ளையவர்கள். எனினும், மாணாக்கர் விஷயத்தில் அவர்களுக்குக் கவலை மிகுதி. தம்மிடம் வந்த பிள்ளையின் முயற்சி இரு வாய்க்காலாகப் பிரிந்து இரண்டும் வறண்டுபோதல் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

அக்காலத்தில் மாயூரத்திற்குப் புகைவண்டி வரவில்லை. ஊருக்கு ஊர் செல்லுதல் மாட்டுவண்டியிலும் கால்நடையிலுமே. சாலையின் இருமருங்கிலும் புளியமரங்கள் நிழல் செய்ய, வண்டிக்குள் ஆசிரியர் அமர்ந்து செய்யுள் சொல்ல, மாணாக்கர் ஒருவர் ஏட்டிலே எழுதிக்கொண்டு வருவார். பிள்ளையவர்கள் தம் கையால் எழுதுவது அரிது. உரையாடுவதுபோல் எளிதாகச் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே செல்வார்கள். எழுதுவோர் கைதான் வலிக்கும். இங்ஙனம் அவர்கள் இயற்றிய நூல்களில், தலபுராணங்கள் மட்டும் 22; பிள்ளைத்தமிழ்கள் 10; கோவைகள் 3. அந்தாதி, மாலை, கலம்பகம், உலா, தூது முதலியன இவற்றிற்குப் புறம்பு.

அதே 1871ஆம் ஆண்டிற் பிள்ளையவர்கள் மாணாக்கருடன் பட்டீச்சுரம் சென்று, ஆறுமுகத்தா பிள்ளை என்னும் நிலச்செல்வர் வீட்டிற் சில காலம் தங்கினார்கள். கும்பகோணத்திற்குத் தென்மேற்கே, பழையாறையை அடுத்து, தேனுபுரீசுவரர் கோயில் கொண்ட அழகிய ஊர் அது. பக்கத்திலே திருமலைராயன் ஆறு ஓடுகின்றது. இருகரையிலும் மரச்செறிவு, மக்கள் ஆரவாரம் இல்லை. அவ்வாற்றங்கரைக்குச் செல்வதும், அங்கே காலைக்கடன் முடித்து மீள்வதும், வழியெல்லாம் தமிழ் பேசுவதும் அவர்களுக்கு நித்திய வழக்கம். திருநாகைக்காரோணப் புராணம் போன்ற பெருநூலை, அதனை இயற்றியவரிடமே பாடம் கேட்கும் பேறு மாணாக்கருக்கு அங்கே வாய்த்தது.

வீட்டுக்காரர் பிள்ளையவர்களிடத்து அளவற்ற பக்தி உடையவர். செலவைப் பற்றி எண்ணாதவர். ஆயினும் அவர் மாலையிலேயே உறங்கிவிட்டு, இரவு நெடுநேரம் கழிந்தபின் எழுந்து உண்ணும் பழக்கம் உடையவர். அவர் எழும் வரையில் விருந்தினரும் உணவுக்குக் காத்திருக்க வேண்டும். பிள்ளையவர்கள் பசியை வாய்விட்டுச் சொல்லாமல், பாடம் சொல்லியே அந்நேரத்தைக் கழிப்பார்கள். இஃது ஒரு சிறு செய்திதான். ஆயினும் இதனுட் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கின்றது. நாடெங்கும் புகழ் பரந்த புலவர் ஒருவர், தம் பசிக்கு உணவு வரும் நேரத்தைத் தாம் குறிக்க இயலாத நிலையில் இருந்தார். பிறர் வீட்டு விருந்து எவ்வளவு இனியதாயினும், தம் வீட்டுக் கஞ்சியின் சுதந்திரம் அதில் இராது. விருந்து வைப்போராகிய நாம் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

தம் வீட்டிலோ பிள்ளையவர்களுக்கு இருந்தது வறுமை. அவர்கள் மாணாக்கரிடம் பொருள் பெறுவதில்லை. பலருக்கு உணவும் தாமே அளித்தார்கள். புராணம் பாடி அரங்கேற்றும்பொழுது கோயிலாரும் தனவந்தரும் அளிக்கும் பரிசிலே பெரும்பாலும் வருவாய். அது வருங்காலம் திட்டமில்லை. செலவோ நாள்தோறும் உண்டு. ஆகவே கடன் வாங்குவதும், பரிசில் வந்தவுடன் கொடுப்பதும், மறுபடியும் வாங்குவதுமாக வாழ்க்கை நடந்தது. மனைவியார் காவேரியாச்சி, புதல்வர் சிதம்பரம் பிள்ளை, மாணாக்கர் கூட்டம், இவர்களோடு கடன்காரர் என ஒரு கூட்டமும் அவ்வீட்டைச் சூழ்ந்திருந்தது. திருப்பெருந்துறைப் புராணம் பாட அவர்கள் பாண்டிநாட்டு எல்லைவரை பிரயாணம் செய்ததற்கு, அத்தலத்தின்மீதுள்ள பக்தியோடு, கடன் தீரும் என்ற நம்பிக்கையும் காரணமாயிருந்தது.

இங்கிலாந்து தேசத்திலே ஏரிகளும் குன்றுகளும் சூழ்ந்த பகுதியில் வாழ்ந்து கவி பாடிய வோர்ட்ஸ்வொர்த் என்பவருக்கு, 1842ஆம் ஆண்டிலே அரசாங்கத்தார் ஆண்டுக்கு 300 பவுன் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினர். மறு ஆண்டில் அரசவைக் கவியாகவும் ஆக்கினர். அதே காலத்தில் வாழ்ந்த நம் மகாவித்துவானுக்கு அவ்வாறு நிலையான சம்பளம் அளிக்க ஓர் அரசும் இல்லை. தஞ்சை அரசும் 1855ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. எஞ்சி நின்றவை மடங்களும், கோயில்களும், தனிப்பட்ட அன்பர்களுமே. அவற்றுள் திருவாவடுதுறை ஆதீனம் போல உதவியது வேறில்லை. எனினும் ஓர் ஆதீனம் மட்டும் எத்தனை புலவரைத் தாங்கும்! தமிழ் கேட்டு மகிழ்ந்தோர் ஆயிரவர். தமிழ் சொன்னவரின் கடனை எண்ணியவர் சிலரே.

இவ்வாறு வருந்திய காலத்தும் அவர்கள் கல்வியை எவருக்கும் ஒளித்ததில்லை. வேளாளரும், செட்டியாரும், பிராமணரும் அவர்களிடம் கற்றனர். கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் புலவராய் விளங்கிய தியாகராச செட்டியார் அவர்கள் மாணாக்கர். நாகூரைச் சேர்ந்த முஸ்லிம் புலவர் குலாம் காதிறு நாவலரும் அவர்கள் மாணாக்கர். கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையோ நிழல்போல் உடனிருந்து பணிவிடை செய்தவர். நம் சமூகத்திற் பிறந்தவர்கள் என்று நாம் பிள்ளையவர்களைச் சொந்தம் கொண்டாடலாம், தடையில்லை. ஆனால் அவர்கள் நம்மை மட்டும் சொந்தம் கொண்டாடவில்லை என்பதையும் மறத்தலாகாது. காவிரி ஒரு தெருவாரின் ஆறாகாததுபோல, அவர்கள் ஒரு சாதியாரின் புலவராக வாழவில்லை.

வேதநாயகம் பிள்ளை 1872ஆம் ஆண்டில் உத்தியோகத்தினின்றும் விலகி மாயூரத்திலேயே வசித்தார். பிள்ளையவர்களோ திருவாவடுதுறையிற் பெரும்பொழுதைக் கழிக்கலாயினார்கள். உடல்நலம் குன்றிற்று. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1ஆம் நாள், 61ஆம் பிராயத்திலே, திருவாவடுதுறையில் அவர்கள் சிவபதம் எய்தினார்கள். அவ்விறுதி வேளையிற் சவேரிநாத பிள்ளை அவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தார்; சாமிநாதையர் அருகிருந்து திருவாசகம் ஓதினார். தாங்கியவர் கிறிஸ்தவர், ஓதியவர் பிராமணர், கேட்டுக்கொண்டே கண்மூடியவர் சைவ வேளாளர். மாயூரத்துத் தோட்டத்திலும், பட்டீச்சுரத்து ஆற்றங்கரையிலும் வளர்ந்த அன்பு, கடைசிப் படுக்கைவரை உடன் வந்தது. கடனும் உடன் வந்ததென்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கின்றது.

அவ்வாண்டிலேயே தொடங்கிய பெரும் பஞ்சம் 1878 வரையில் தென்னாட்டை வாட்டியது. அப்பொழுது வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அக்கொடையைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். பஞ்சம் தணிந்தபின், 1879ஆம் ஆண்டில், தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. 1889ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆம் நாள் வேதநாயகம் பிள்ளையும் மறைந்தார்.

தோட்டத்தில் தளிர் தேடிய மாணாக்கர் என்ன ஆனார் என்பதைத் தமிழுலகம் அறியும். 1880ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். தியாகராச செட்டியார் தாம் ஓய்வு பெறும்பொழுது அவ்விடத்தைத் தம் உடன்மாணாக்கராகிய அவருக்குக் கிடைக்கச் செய்தார். 1887இல் சீவக சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவரால் அச்சேறின. விடியலில் எழுந்து இலைகளுக்கிடையே தளிரைத் தேடிய அதே கண்தான், பிற்காலத்திற் செல்லரித்த ஏடுகளுக்கிடையே பாடத்தைத் தேடிற்று என்று நாம் எண்ணுகின்றோம். தம் ஆசிரியரின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக அவர் எழுதி வெளியிட்டார். ஆசிரியர்க்கு மாணாக்கர் கட்டிய கோயில் அது. நம் மரபினர் ஒருவரின் வாழ்க்கையை நமக்கு அறிவித்தவர் நம் மரபினர் அல்லாத ஒருவர் என்பதும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பிள்ளையவர்கள் மறைந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. இவ்வாழ்க்கையினின்றும் நம் குடும்பத்தார் அறிந்துகொள்ளத் தக்கவை இரண்டு. கற்றோரை அழைத்து விருந்திடுவது நம் நாட்டு வழக்கம். அதனை விடாது நடத்துவோமாக. ஆயின் அவர்களை அழைக்கும்பொழுது, நம் வசதிக்கு அவர்கள் காத்திருக்கும்படி செய்யாமல், அவர்கள் வசதிக்கு நாம் காத்திருப்போமாக. இஃது ஒன்று. கற்பிப்போருக்கும் கற்போருக்கும் இன்று எத்தகைய இடர் உண்டென்பதை அவர்கள் உயிரோடிருக்கும்பொழுதே கேட்டறிந்து, சங்கத்தின் மூலமாகவும் தனித்தனியாகவும் இயன்ற உதவி செய்வோமாக. அவ்வுதவிக்கு உரியவர் எந்த மரபினர், எந்தச் சமயத்தினர் என்று ஆராய்தல் பிள்ளையவர்கள் நெறிக்குப் பொருந்தாது. இது மற்றொன்று.

பள்ளி விடுமுறையில் நம் குடும்பத்தார் பலர் மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்திற்கும் உறவினரைக் காணச் செல்கின்றனர். செல்லும்பொழுது மாலையிற் குழந்தைகளைக் காவிரிக்கரைக்கு அழைத்துச் சென்று, மணலில் அமர்த்தி, இவ்வூரிலே இத்தகையவர்கள் கூடி இருந்தார்கள் என்று சொல்லுவார்களாயின், அதுவே பிள்ளையவர்களுக்கு நாம் செய்யும் சிறந்த வழிபாடாகும்.